ரேடியேட்டரில் காற்று பிடித்தால்: பிரிட்டன் வீட்டு ஹீட்டிங்கை நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ஏர் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, காற்றை விரட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பிரிட்டனில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு வரும் கோளாறும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இங்கே வந்ததும் அந்தத் துணிச்சலை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு, அறை குளிர்ந்தால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நான் இதற்கு நேரெதிர் தப்பைச் செய்தேன். லண்டனில் ஒரு பழைய வரிசை வீட்டுக்குக் குடிபோன முதல் குளிர்காலத்தில், மாடி அறை ரேடியேட்டரில் வாராவாரம் காற்றைத் திறந்துவிட்டேன். பிரஷர் இறங்கும், தண்ணீர் நிரப்புவேன், மறுவாரம் மறுபடியும் காற்று. பெரிய மெக்கானிக் ஆகிவிட்டதாகக்கூட ஒரு நினைப்பு. அந்தக் காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது நானேதான் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் எந்த வகை?

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது, பம்ப் அதைக் குழாய்களில் தள்ளுகிறது, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர் திரும்ப வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் எந்த வால்விலும் கை வைக்காதீர்கள்.

பாய்லரின் முகப்பில் பிரஷர் காட்டும் முள்ளோ எண்ணோ இருந்தால் அது மூடிய அமைப்பு. குளிக்கும் வெந்நீரையும் தானே தரும் காம்பி பாய்லர்கள் பெரும்பாலும் இந்த வகை. தண்ணீர் சூடேறி விரிவதற்கு இடம்கொடுக்க, உள்ளே ரப்பர் சவ்வு கொண்ட ஒரு கலம் இருக்கும்.

இரண்டாவது திறந்த அமைப்பு. பரணில் ஏறிப் பார்த்தால் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டித் தொட்டி இருக்கும். அதில் மிதவை வால்வு ஒன்று. தொட்டியின் மேலே வளைந்து நிற்கும் ஒரு திறந்த குழாயும் இருக்கும். இந்த அமைப்பில் பிரஷர் முள் கிடையாது, தொட்டியின் உயரம்தான் அழுத்தம். பழைய வீடுகளில் இன்னும் நிறைய உண்டு.

அடுக்குமாடிக் கட்டடத்துக்கே பொதுவான ஹீட்டிங் என்றால் ரேடியேட்டரோடு நிறுத்திக்கொண்டு கட்டட நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டிலும் காற்று விடுவது வரை நீங்கள் செய்யலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான சாதாரண வாடகை ஒப்பந்தங்களில் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

முதலில் தொட்டுப் பாருங்கள்

ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி நேரம் கழித்து வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மேலே, கீழே, நடுவே, இரண்டு பக்கக் குழாய்கள் என்று கையை வைத்துப் பாருங்கள். சுடும், கவனம்.

மேல்பகுதி ஜில்லென்றும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் காற்று. காற்று மேலே போய்த் தங்கிவிடுவதால் தண்ணீர் அங்கே ஏற முடியவில்லை. மேலே சூடு, கீழே நடுப்பகுதியில் மட்டும் குளிர் என்றால் அது காற்றில்லை, அடியில் படிந்த கறுப்புச் சேறு. இதற்கு எத்தனை முறை காற்றைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்திருந்தால் அதன் வால்வையோ அதற்குப் போகும் குழாயையோ சந்தேகப்படுங்கள். மாடியில் எல்லாமே குளிர், கீழே எல்லாமே சூடு என்றால் தண்ணீர் போதவில்லை: மூடிய அமைப்பில் பிரஷர் விழுந்திருக்கும், திறந்த அமைப்பில் பரண் தொட்டி வறண்டிருக்கும். பாய்லருக்குப் பக்கத்து அறைகள் கொதித்து, தூரத்து அறை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீரைப் பங்கிடுவதில்தான் கோளாறு. அதற்கு லாக்‌ஷீல்டு வால்வுகளை (ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று அளவு வைப்பவை) திருத்தி அமைக்க வேண்டும். அது தனிக்கதை.

சத்தமும் சொல்லும். குழாயில் களகளவென்று நீரோடை போலக் கேட்டால் காற்று. பாய்லருக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல் வந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். லண்டன் தண்ணீரில் அது சகஜம். டிக் டிக் என்று மட்டும் கேட்டால், சூடேறிய குழாய் விரிந்து மரப்பலகையில் உரசுகிறது. தூக்கம் கெடும், ஆபத்து இல்லை.

காற்றை வெளியேற்றுவது

தேவையானவை கொஞ்சம்தான்: ரேடியேட்டர் சாவி (சதுரத் துளை உள்ள குட்டிச் சாவி, எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும்), பழைய துணி, ஒரு கண்ணாடிக் குவளை.

1. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ரேடியேட்டர்கள் ஆறும்வரை காத்திருங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் காற்று ஓரிடத்தில் நிற்காது. திறந்த அமைப்பில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடவும் கூடும்.
2. மூடிய அமைப்பானால் பிரஷரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்.
3. கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள், மாடியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் சிறு திருகில் சாவியை மாட்டி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று வரும். அரைச் சுற்றைத் தாண்டாதீர்கள். திருகு கழன்று கையோடு வந்துவிட்டால், கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது அதைத் திரும்ப மாட்டுவது சர்க்கஸ் வேலை.
5. உஸ் சத்தம் அடங்கி, துப்பித் துப்பி வந்து, அப்புறம் தண்ணீர் சீராக வரும். முதல் தண்ணீரைக் குவளையில் பிடித்துக்கொண்டு மூடுங்கள். சாவியை இறுக்கி முறுக்க வேண்டாம், பித்தளை தேய்ந்துவிடும்.

தப்பித் தவறியும் தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெளியே வருவது வெறும் காற்றாக மட்டும் இருக்க வேண்டும் என்றில்லை. ஏன் என்று கீழே பார்ப்போம்.

எல்லாம் முடிந்ததும் மூடிய அமைப்பில் பிரஷர் இறங்கியிருக்கும். பாய்லருக்கு அடியில் சடை பின்னியதுபோல் ஒரு உலோகக் குழாய், இரு முனையிலும் வால்வோடு இருக்கும். அதுதான் தண்ணீர் நிரப்பும் ஃபில்லிங் லூப். சில பாய்லர்களில் குழாய்க்குப் பதில் உள்ளேயே சாவியோ நெம்புகோலோ வைத்திருப்பார்கள். முதலில் ஒரு வால்வை முழுதாக, அடுத்ததை மெதுவாகத் திறந்து, முள் 1.2 பக்கம் வந்ததும் இரண்டையும் மூடுங்கள். கண் முள்ளைவிட்டு நகரக் கூடாது. 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளிச்சுவருக்குக் கொட்டிவிடும். ஒருமுறை திறந்த அந்த வால்வு சில சமயம் சரியாக மூடிக்கொள்ளாது. வேலை முடிந்ததும் லூப்பைக் கழற்றி வைப்பதுதான் முறை, இல்லையென்றால் ஹீட்டிங் தண்ணீர் குடிநீர்க் குழாயோடு கலக்க வழி இருக்கிறது. பாதிப் பேர் வீட்டில் அது ஆண்டுக்கணக்காக அப்படியே தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

பிரஷர் மிகவும் விழுந்திருந்தால் பாய்லரே நின்று குறியீடு காட்டும். வெய்லண்ட் பாய்லரில் எஃப்22, ஐடியல் லாஜிக் பாய்லரில் எஃப்1 என்றால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சாவியைத் திருப்பியும் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லையா? மூடிய அமைப்பில் முள்ளைப் பாருங்கள், பூஜ்யத்தில் கிடக்கலாம். திறந்த அமைப்பில் பரணுக்கு ஏறுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த மிதவை வால்வு மேல்நிலையிலேயே இறுகிப்போய், தொட்டி காய்ந்து கிடப்பதை நானே இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். மிதவையைக் கையால் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் தண்ணீர் சரசரவென்று வரும். தொட்டியில் நாலைந்து விரற்கடை தண்ணீர் நின்றால் போதும். சூடேறி விரியும் தண்ணீருக்கு மேலே இடம் வேண்டும். இரண்டுமே சரியாக இருந்தால், காற்றுத் திருகின் குட்டித் துளையில் பெயின்ட் அடைத்திருக்கும், ஊசியால் குத்தி எடுங்கள்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருந்தால்

ஒரு பக்கம் எண் போட்ட தலையோடு ஒரு வால்வு இருக்கும், அறையின் சூட்டுக்கேற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் அதை டி.ஆர்.வி. என்பார்கள். கோடை முழுக்க மூடிக் கிடந்தால் அதன் உள்ளிருக்கும் ஊசி சிக்கிக்கொள்ளும். தலைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கையால் திருகித் தலையைக் கழற்றுங்கள். நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அதை மெல்ல அழுத்துங்கள். உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் பக்கத்தில் லேசாகத் தட்டி மறுபடியும் அழுத்துங்கள். இடுக்கியால் பிடித்து மேலே மட்டும் இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் தண்ணீரும் வரும்.

மறுபக்கம் சாதாரண மூடியோடு இருப்பது லாக்‌ஷீல்டு. பெயின்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் அதை மூடிவிட்டுத் திறக்க மறந்திருக்கலாம். மூடியை எடுத்து, மூடியிருந்தால் ஒரு சுற்று திறந்து பாருங்கள்.

குழாய்க்குள்ளேயே காற்று சிக்கினால்

வால்வுகள் சரி, ரேடியேட்டரிலும் காற்றில்லை, ஆனாலும் சூடு வரவில்லை. இப்போதுதான் குழாய்ப்பாதையைச் சந்தேகிக்க வேண்டும். கதவுச்சட்டத்தைத் தாண்ட மேலே ஏறி இறங்கும் குழாய், மாடித்தரையிலிருந்து சுவர் வழியாகக் கீழே வரும் குழாய், இந்த மாதிரித் திருப்பிப் போட்ட 'ப' வடிவங்களின் உச்சியில் காற்று குமிழாக உட்கார்ந்துகொள்ளும். 8 அல்லது 10 மி.மீ. மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் இந்தத் தொல்லை கூடுதல். வீட்டு பம்ப் தள்ளும் உயரம் பொதுவாக 5, 6 மீட்டர்தான். அதிலும் தண்ணீர் சோம்பேறி. சுலபமான வழி பக்கத்தில் திறந்திருக்கும்போது அடைபட்ட குழாயில் ஏன் மல்லுக்கட்டப் போகிறது?

ஆகவே மற்ற வழிகளை அடையுங்கள். மற்ற ரேடியேட்டர்களின் டி.ஆர்.வி.க்களை மூடுங்கள். லாக்‌ஷீல்டைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், எத்தனை சுற்றில் மூடியது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேண்டும். பிறகு ஹீட்டிங்கைப் போட்டு, குளிர்ந்த ரேடியேட்டரின் குழாயைத் தொட்டுக்கொண்டே இருங்கள். சில சமயம் உள்ளே ஒரு கடகட சத்தம், அப்புறம் குழாய் திடீரென்று சுட ஆரம்பிக்கும். பத்து நிமிடத்துக்குமேல் விடாதீர்கள். தண்ணீருக்குப் போக்கிடமே இல்லாவிட்டால் பாய்லர் அதிகமாகச் சூடேறித் தானாக நின்றுவிடும்.

அசையவில்லையா? மூடிய அமைப்புக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் இதில் சோதனையும் வைத்தியமும் ஒன்றேதான். இரண்டு பேர் வேண்டும். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, பிரஷரை 1.5-க்குக் கொண்டுவாருங்கள். அந்த ரேடியேட்டரின் லாக்‌ஷீல்டை மூடி, டி.ஆர்.வி. பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக் காற்றுத் திருகைத் திறங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் அந்தப் பக்கக் குழாய் நன்றாக இருக்கிறது. இப்போது மாற்றுங்கள்: டி.ஆர்.வி.யை மூடி, லாக்‌ஷீல்டைத் திறங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுச் சொட்டாகவோ துப்பித் துப்பியோ வருகிறதோ, அந்தப் பக்கக் குழாயில்தான் அடைப்பு. அதே நிலையில் விட்டு, தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டே இருங்கள். இன்னொருவர் பாய்லர் பக்கம் நின்று, லூப்பை இம்மி திறந்து, முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். அழுத்தம் குமிழைத் தள்ளிக்கொண்டுவந்து ரேடியேட்டர் வழியாக வெளியே துப்பிவிடும். நானும் என் மனைவியும் இதைச் செய்தபோது ஒருவர் மாடியில், ஒருவர் சமையலறையில், நடுவில் போன். "போதும்!" என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நாலைந்து லிட்டர் போன பிறகும் ஓட்டம் மாறவில்லை என்றால், உள்ளே இருப்பது காற்றல்ல, சேறு.

திறந்த அமைப்பில் இவ்வளவு அழுத்தம் கிடைக்காது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்தான், பரண் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார். தோட்டக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு வடிகால் வால்வு வழியாகத் தள்ளுகிறவர்கள் உண்டு. அழுக்குத் தண்ணீர் குடிநீருக்குள் திரும்பிவிடும் அபாயம் இருப்பதால் அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே மேல்.

காற்று எங்கிருந்து வருகிறது?

குளிர்காலத் தொடக்கத்தில் ஒருமுறை காற்று விட்டால், அடுத்த ஆண்டு வரை தேவைப்படக் கூடாது. மாதாமாதம் தேவைப்பட்டால் அது கோளாறு. சாவியைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

முதல் சந்தேகம், என் வீட்டில் நடந்தது: கசிவு. குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். சூடாக்கினால் அது பிரிந்து குமிழாகும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் கொதிக்கும் முன்பே அடியில் முத்துமுத்தாக ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். பழைய தண்ணீரே சுற்றிக்கொண்டிருந்தால் காற்றெல்லாம் ஒருமுறை வெளியேறியதோடு சரி. எங்கோ ஒழுகி, பிரஷர் இறங்கி, நான் லூப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று வந்து சேர்ந்தது. அதை வெளியேற்றினால் பிரஷர் மறுபடியும் இறங்கியது, மறுபடியும் லூப். வாராவாரம் நானே ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

கசிவைத் தேட டிஷ்யூ பேப்பர் போதும். ஒவ்வொரு வால்வின் நட்டையும் இணைப்பையும் உலர்ந்த பேப்பரால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். சொட்டாமல் சூட்டில் காய்ந்துவிடும் கசிவுகள் பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கை விட்டுப்போயிருக்கும். எனக்கு அது கட்டிலுக்குப் பின்னால் ஒரு வால்வின் கழுத்தில் அகப்பட்டது. நட்டைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

வெளியே எதுவும் தெரியாவிட்டால், பாதுகாப்பு வால்வின் செம்புக்குழாய் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் வழி அதுதான். கூடவே, சூடானதும் முள் 3-ஐ நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால், விரிவுக் கலத்தில் காற்று இறங்கியிருக்கும் அல்லது அதன் சவ்வு கிழிந்திருக்கும். பை காய்ந்தே இருந்தால் இன்னொரு சோதனை: பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதற்கு அடியில் ஹீட்டிங் போகும், வரும் குழாய்களின் வால்வுகளை இரவில் மூடிவையுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். அப்படியே நின்றால் வீட்டுக் குழாயில், ஒருவேளை தரைக்கடியில். திறக்காமல் பாய்லரைப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் திறந்த அமைப்புக்கு உரியது. பம்ப் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சக்கூடும். பரணில் அந்த வளைந்த குழாயின் வாய் முழுகும்படி ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஒருவரை ஹீட்டிங்கைப் போடச் சொல்லுங்கள். வெந்நீர் கொட்டக்கூடும், தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டம்ளர்த் தண்ணீர் குறைந்தால் அமைப்பு காற்றைக் குடிக்கிறது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டினால் பம்ப் தொட்டிக்கே திருப்பித் தள்ளுகிறது. இரண்டுக்குமே பெரும்பாலும் காரணம், தொட்டியிலிருந்து வரும் குழாய் இணையும் இடத்தில் சேறு அடைத்திருப்பது. அங்கே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு.

மூன்றாவது காரணம் வெளியிலிருந்து வருவதே இல்லை. ரேடியேட்டரின் எஃகை ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மெல்ல அரித்து, மேக்னடைட் என்ற கறுப்புத் துகளையும் ஹைட்ரஜன் வாயுவையும் உண்டாக்கும். தீக்குச்சி வேண்டாம் என்றது அதனால்தான். பிரஷர் இறங்காமலே அடிக்கடி காற்று சேர்ந்தால் இதை நினையுங்கள்.

இப்போது குவளையைப் பாருங்கள். தண்ணீர் கறுப்பாக இருந்தால் மேக்னடைட். செம்பழுப்பாக இருந்தால் வெளிக்காற்று தொடர்ந்து உள்ளே வருகிறது, கசிவைத் தேடுங்கள். தெளிவாக இருந்தால் நிம்மதி.

அரிப்பைத் தடுக்க இன்ஹிபிட்டர் என்ற மருந்தை ஊற்றுவார்கள். சென்டினல் எக்ஸ்100, ஃபெர்னாக்ஸ் எஃப்1 இரண்டும் எல்லாக் கடையிலும் உண்டு. திறந்த அமைப்பில் பரண் தொட்டியிலேயே ஊற்றலாம். மூடிய அமைப்பில் கறுப்புத் துகளைப் பிடிக்கும் காந்த வடிகட்டி வழியாகவோ ரேடியேட்டர் வழியாகவோ செலுத்த வேண்டும். தண்ணீரை வடித்து மாற்றினால் பழைய மருந்தும் போய்விடும், திரும்ப ஊற்ற மறக்காதீர்கள். ஏற்கெனவே படிந்த சேற்றை இது கரைக்காது. ஓரிரு ரேடியேட்டர் என்றால் கழற்றித் தோட்டத்தில் ஹோஸால் அலசலாம் (கம்பளத்தின்மேல் கறுப்புத் தண்ணீர் விழுந்தால் கறை போகவே போகாது, தூக்கும்போது இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள்). வீடு முழுக்க என்றால் இயந்திரம் வைத்து அலச ஆள் கூப்பிட வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

பாய்லரின் உறையைத் திறப்பது நம் வேலை இல்லை. எரிவாயுப் பாய்லரில் வேலை செய்ய கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவருக்கே சட்டப்படி உரிமை (2009 ஏப்ரல் 1 வரை கோர்கி என்று இருந்ததுதான் இப்போது இந்தப் பெயரில்). வருகிறவரிடம் அட்டையைக் கேளுங்கள், பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். விரிவுக் கலம், பாதுகாப்பு வால்வு, பாய்லருக்குள் கசிவு எல்லாம் அவர் பொறுப்பு. எரிவாயு நெடி வந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஸ்விட்சைத் தொடாமல் வெளியேறி, 0800 111 999-ஐ அழையுங்கள்.

ஆள் வருவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஆறியபோது முள் எங்கே நின்றது, சூடானபோது எங்கே, எந்தெந்தத் தேதியில் லூப்பைத் திறந்தீர்கள், எந்த அறை குளிர்ந்தது, பையில் தண்ணீர் இருந்ததா. குவளையையும் கொட்டிவிடாதீர்கள், அவரிடம் காட்டுங்கள். இவை இல்லாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் அவர் இதையேதான் சோதிப்பார். அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும்.